ஒல்லாந்தர் காலக் கதிரைகள் இலங்கையின் மரபா?

கரையூரான்:
கருங்காலியில் செதுக்கிய ஒல்லாந்தர் காலக் கதிரைகளை ‘இலங்கையின் பாரம்பரியத் தளபாடம்’ என்று விற்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கண்டி இராச்சியத்தில் சாய்வுள்ள ஆசனம் அரசனுக்கு மட்டுமே உரியது என்று 1681இல் வெளிவந்த தமது நூலில் அங்கே பல ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் எழுதுகிறார். குடிமக்களுக்குப் பாயும் சாய்வில்லாத சிறு ஆசனமும்தான். அதுவே இந்தத் தீவின் மரபு. மற்றவை, 1656இல் கொழும்பைப் பிடித்தவர்கள் தங்கள் வசதிக்குச் செய்வித்தவை.

நிலாவெளி:
அந்த அரசனின் ஆசனத்தையே பாருங்கள். கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள கண்டிச் சிம்மாசனம், 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. பொற்தகடு போர்த்த மரம், கைப்பிடிகளில் சிங்கம், சாய்வின் உச்சியில் சூரியன். 1815இல் ஆங்கிலேயர் அதைக் கொண்டுபோனார்கள். 1934இல்தான் திரும்பி வந்தது. பிறர் கொடுத்தது என்பதற்காக அதை அந்நியப் பொருள் என்பீர்களா?

கரையூரான்:
அது அரண்மனைக் கதை. ஊர்ச்சனத்தின் வீட்டைச் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
இருவருமே தச்சனை மறந்துவிட்டீர்கள். பேர்கோமாஸ்டர் கதிரை என்ற வட்டக் கதிரையைக் குனிந்து பாருங்கள். ஆறு கால்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் நடுவில் வந்து சேர்கின்றன. இருக்கைச் சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு, பிளந்த பிரம்பை இழுத்துப் பின்னியிருப்பார்கள். மெத்தை வைத்தால் கரையோர வெக்கையில் யார் உட்காருவது? கருங்காலி, முதிரை, கலுமெதிரிய (கருங்காலி இனத்து மரம்), பலா என்று ஒவ்வொன்றும் உளிக்கு எப்படி இணங்கும் என்பது இங்குள்ள கைகளுக்குத்தான் தெரியும். பின்னாளில் மொறட்டுவை தச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது சும்மா அல்ல.

கரையூரான்:
ஐயா, அந்தக் கை யாருக்காக உழைத்தது? ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரிக்காக. செய்தவனின் பெயர் எந்தக் கதிரையில் இருக்கிறது? கலுமெதிரிய மரத்தையோ வெட்டி வெட்டி இன்று காண்பதே அரிதாக்கிவிட்டார்கள். இதை மரபென்று கொண்டாட என்னால் முடியவில்லை.

நிலாவெளி:
பெயர் இல்லை என்பது உண்மை. அதற்காக அவர்களின் வேலையையும் ஒல்லாந்தருக்கே எழுதிக்கொடுத்துவிடலாமா? யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் கிடக்கும் சாய்மனைக் கதிரையும் காலனிக் காலத்து வரவுதான். அதில் சாய்ந்திருக்கும் தாத்தாவிடம் போய், இது உங்களுடையதல்ல என்று நான் சொல்லமாட்டேன்.

உளிச்சத்தம்:
விற்பவர்கள் ‘ஒல்லாந்தர் பாணி, உள்ளூர்த் தச்சர் வேலை’ என்று எழுதட்டும். மரத்தின் பெயரையும் சேர்க்கட்டும்.

கரையூரான்:
அப்படி எழுதினால் எனக்குச் சம்மதம். ‘பாரம்பரியம்’ என்று போட்டால் மறுபடியும் எதிர்ப்பேன்.