ஹாய்ஸ்ட் வாசலில் நின்றவர்கள்

சைட் இன்ஜினியர், பெரும்பாக்கம்:

பதினான்கு மாடி அடுக்ககம். பூச்சு வேலை பின்தங்கியிருந்தது. "ஆளுங்க சும்மா நிக்கிறாங்க, எவ்ளோ நேரம்னு கணக்கு எடு" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

கடிகாரத்தோடு ஒருவர் பின்னாலேயே சுற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒர்க் சாம்ப்ளிங் செய்தேன். 1930களில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர், இங்கிலாந்துப் பருத்தி ஆலைகளில் தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று அறியக் கையாண்ட வழி இது. முன்கூட்டி யாருக்கும் தெரியாத நேரங்களில் சுற்றி வந்து, கண்ணில் பட்ட நொடியில் ஆள் என்ன செய்கிறார் என்று மட்டும் மூன்று கட்டம் போட்ட அட்டையில் ஒரு கோடாகக் குறிக்க வேண்டும். கரண்டி சுவரில் இருந்தால் நேரடி வேலை. கலவை சுமப்பது, சாரம் மாற்றுவது, மட்டம் பார்ப்பது துணை வேலை. காத்திருப்பது, நடப்பது என மிச்சமெல்லாம் மூன்றாவது கட்டம். 95 சதவீத நம்பகத்தோடு 5 சதவீதம் முன்பின் என்றால், சுமார் 385 பார்வை போதும்.

முதல் இரண்டு நாள் கணக்கைக் கிழித்துப் போட்டேன். அட்டையைக் கண்டதும் எல்லோரும் கரண்டியைத் தூக்கிவிட்டார்கள். ஒரு சித்தாள் அக்கா நேராகவே கேட்டார்: "பேர் எழுதிக் கூலி புடிப்பீங்களா சார்?" அட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். பேர் கிடையாது, வெறும் கோடுகள். அதன்பிறகுதான் உண்மையான கணக்கு வந்தது.

மூன்றாவது கட்டத்துக் கோடுகளை இடம்வாரியாகப் பிரித்தேன். பெரும்பாலும் ஹாய்ஸ்ட் வாசல், அதாவது பொருளை மாடிக்கு ஏற்றும் தற்காலிக லிஃப்டின் வாசல்! டைல்ஸ், எலக்ட்ரிக்கல், பூச்சு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். மேலே கொத்தனார் கலவைக்குக் காத்திருந்தார், கீழே சித்தாள் நிறைந்த சட்டியோடு காத்திருந்தார். இன்னொன்று இன்றும் உறுத்துகிறது. குடிதண்ணீர் கேனும் கழிப்பறையும் தரைத்தளத்தில் மட்டும். கத்திரி வெயிலில் ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி ஏறும் நேரத்தை நாங்கள் 'சும்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எம்-சாண்டும் சிமெண்ட் மூட்டையும் முந்தின நாள் மாலையே மாடிக்கு ஏற ஆரம்பித்தன. மூன்று மாடிக்கு ஒரு தண்ணீர் கேன் வந்தது. கழிப்பறை மட்டும் நான் இருந்தவரை மேலே வரவில்லை.

மேஸ்திரி, பூந்தமல்லி:

சார் சொல்றது நெசம். எங்களுக்கு டிராயிங்தான் தகராறு. பாத்ரூம் சுவர் எழுப்பி முடிச்சப்புறம், "லைன் மாறிடுச்சு, இடி"ன்னாங்க. இடிக்கிறப்போ நாலு பேரும் வேர்வை சொட்டச் சொட்ட வேலைதான் பாத்தாங்க. உங்க அட்டையில அது எந்தக் கட்டம் சார்?

சைட் இன்ஜினியர், பெரும்பாக்கம்:

நேரடி வேலையில்தான் விழும் அண்ணே. அந்த நேரமும் வீண்தான், ஆனால் என் கணக்கில் தெரியாது.

பிளானிங் இன்ஜினியர், சிறுசேரி:

அண்ணா கேட்டதற்காகவே எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. சாயங்காலம் மேஸ்திரியே சொல்வார்: என்ன காரணம், எத்தனை பேர், எத்தனை மணி. ஆறு பேர் ஒன்றரை மணி நின்றால் 9 ஆள்மணி. இடித்துக் கட்டியதற்குத் தனி வரி. எழுத வராதவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். போன மாதம் முழுக்க முதலில் நின்றது டிராயிங் தாமதம், அதாவது எங்கள் ஆபீஸ். தாளை அப்படியே திங்கட்கிழமை மீட்டிங்கில் மேஜைமேல் வைத்தேன்.