செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்: 4.60 சொல்கிறார்கள், எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

மதுரைவாசி:
வணக்கம். 2017 மாடல் மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., பெட்ரோல். இரண்டாவது ஓனர், மீட்டரில் 72,000 கி.மீ. புரோக்கர் மூலமாக வந்த வண்டி. விலை 4,60,000, "பைனல் ரேட், இதுக்கு மேல பேச்சு இல்ல" என்கிறார். பின் டயர் இரண்டும் பழசு. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக் டக்கென்று சத்தம். இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. ஆர்.சி.யில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது, லோன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று என்கிறார் ஓனர். நான் போனபோது வண்டியை ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள். எந்தக் குறைக்கு எவ்வளவு கழிக்கலாம்? பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனர்14:
விலையை அப்புறம் பாருங்க. இன்ஜின் சூடா இருந்தப்ப பார்த்தது பார்த்த கணக்குல சேராது. "காலைல ஏழு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் சாவி போடாதீங்க"ன்னு முந்தின நாளே சொல்லிடுங்க. போனதும் முதல் வேலை பானட் மேல உள்ளங்கையை வைக்கிறது. சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு வச்சுக்கலாம்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்க. மோர் மாதிரி வெளுத்த பசை நிறைய இருந்தா கூலன்ட் ஆயிலோட கலக்குதோன்னு சந்தேகப்படணும். கூலன்ட் டப்பாவுல துருத் தண்ணி நின்னா வெறும் குழாய்த் தண்ணியிலேயே ஓட்டியிருக்காங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி சைலன்சர் பக்கம் நில்லுங்க. காலைல கொஞ்சம் வெள்ளையா ஆவி வந்து நின்னுடும், அது ஒண்ணும் இல்ல. நீலமா வந்தா ஆயில் எரியுது.

கிளட்ச் பார்க்க: ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, மூணாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே அணைஞ்சா பிளேட்ல பிடிப்பு இருக்கு. அணையாம உறுமிக்கிட்டே இருந்தா வழுக்குது, அதுக்குத் தனியா கணக்கு வைக்கணும்.

முன்பக்கச் சத்தம் பெரும்பாலும் லிங்க் ராடு இல்ல லோயர் ஆர்ம் புஷ்ஷா இருக்கும். வேலையோட சேர்த்து சுமார் 5,000, 6,000. ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிஞ்சிருந்தா அதுக்கு மேலயும் போகும். அதனால ஜாக் போட்டுத் தூக்கிப் பார்க்காம தொகை சொல்லாதீங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2217ன்னா 2017ஆம் வருஷம் 22ஆவது வாரம் செஞ்சது. பட்டன் ஆழமா இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாத்தித்தான் ஆகணும். வி.எக்ஸ்.ஐ.க்கு 165/80 ஆர்14 சைஸ், ரெண்டுக்கும் சுமார் 10,000.

இதெல்லாம் பணத்தால தீர்ற குறை. மூணு விஷயத்துக்கு மட்டும் பேரமே பேசக் கூடாது: ஏப்ரன் (இன்ஜின் பக்கவாட்டுல இருக்கற உள் தகடு), பில்லர் (கூரையைத் தாங்கற தூண்) வரைக்கும் வாங்கின அடி, வெள்ளத்துல நின்ன வண்டி, திருப்பி வச்ச மீட்டர். 50,000 குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடியைக் கண்டுபிடிக்க பானட்டைத் தூக்கி, ஹிஞ்ச் போல்ட் தலையைப் பாருங்க. ஸ்பேனர் பட்டிருந்தா முனையில பெயிண்ட் உரிஞ்சிருக்கும். ஏப்ரன் ஓரத்துல கம்பெனி வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியா ஒரே இடைவெளியில இருக்கும். அது மேல மெழுகின மாதிரி சீலன்ட் பூசியிருந்தா வெட்டி ஒட்டியிருக்கு. பம்பர், பென்டர் டச்சப் இருக்கறது சகஜம், அதுக்காகப் பயப்பட வேண்டாம்.

வெள்ளத்துக்கு சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. அடியில இருக்கற பகுதியை யாரும் கழுவ மாட்டாங்க, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட் தண்டவாளத்துலயும் துரு தெரியும். 2023 டிசம்பர்ல சென்னையில மிக்ஜாம் புயல் வெள்ளம், அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். உங்க ஊருக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வண்டி வரும். நம்பர் பிளேட்டு எந்த ஊருன்னு பார்த்து இதை முடிவு பண்ண முடியாது.

மீட்டருக்கு: பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட்டோட கதவுப்பக்க ஓரம். இது மூணும் வழவழன்னு தேஞ்சு மீட்டர் மட்டும் 72,000 காட்டினா நம்பாதீங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனரையே கூட்டிட்டுப் போய் பழைய பில்லை எடுக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு சர்வீஸுக்கும் கி.மீ. எழுதியிருக்கும். ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கற கருவி) வச்சிருக்கற மெக்கானிக்கா இருந்தா, 'கோடு (பழுதுக் குறியீடு) அழிச்ச பிறகு ஓடின தூரம்'னு ஒரு கணக்கு இருக்கு, அதைப் பார்க்கச் சொல்லுங்க. 20 கி.மீ.ன்னு காட்டினா நீங்க வர்றதுக்காகவே வார்னிங் லைட்டை அழிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

ஃபாரம்முப்பது:
காகிதங்களைப் பற்றி. ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கும்வரை அந்த வண்டி முழுக்க ஓனருடையது அல்ல. "கட்டி முடித்தாயிற்று" என்றால் பேங்கின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), ஆர்.சி.யிலிருந்து பேங்க் பெயரை நீக்குவதற்காக பேங்க் கையெழுத்திட்ட ஃபாரம் 35-உம் கையில் இருக்க வேண்டும். பலர் லோனை முடித்துவிட்டு ஆர்.சி.யில் பெயரை நீக்காமல் விட்டிருப்பார்கள், அது சரிசெய்யக்கூடியதுதான். லோன் பாக்கி இருந்தால், முடிப்புத் தொகை எவ்வளவு என்று பேங்கிலிருந்து எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை ஓனரிடம் கொடுக்காமல் நேராக லோன் கணக்கில் கட்டுங்கள். மீதி, என்.ஓ.சி. வந்த பிறகு.

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், பேங்க் பெயர், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். இருந்தால் விற்பவர் கட்டிய பிறகுதான் பேச்சு.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுவது இங்கே: நோ கிளைம் போனஸ் விற்பவரோடு போய்விடும். ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் 50 சதவீதம் வரை தள்ளுபடி வாங்கிய ஓனர், "வருஷத்துக்கு இவ்வளவுதான் ஆகும்" என்று தன் பாலிசியைக் காட்டுவார். உங்களுக்கு அந்தத் தொகைக்குக் கிடைக்காது. 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு மூன்றாம் நபர் பகுதி மட்டுமே 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முழு பாலிசிக்கு, போனஸ் பூஜ்யம் என்று போட்டு ஆன்லைனில் ஒரு விலை எடுத்து வையுங்கள். பேரத்தில் கழிக்க வேண்டிய தொகை அதுதான்.

சந்தைமேடு:
இப்போது பேச்சுக்கு வருவோம். உங்கள் கையில் இரண்டு கணக்கு இருக்க வேண்டும். ஒன்று ஸ்பேனர்14 சொன்ன ரிப்பேர் கணக்கு. டயர், முன்பக்கச் சத்தம், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சந்தைக் கணக்கு. அதே ஆண்டு, அதே வகை, 60,000 முதல் 85,000 கி.மீ. வரை ஓடிய ஐந்தாறு வண்டிகளின் விளம்பரங்களைச் சேமித்து வையுங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

30,000-ஐ 4.60-இல் கழிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. 4.60 அவர் சொன்ன விலை, சந்தை சொன்னதல்ல. நீங்கள் பார்த்த வண்டிகள் 4.35 பக்கம் நின்றால் அங்கிருந்து கழியுங்கள், 4.05 வருகிறது. அதுதான் உங்கள் இலக்கு. ஸ்விஃப்ட்டின் புதிய உருவம் 2018 பிப்ரவரியில் வந்தது, 2017 வண்டி பழைய உருவம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கும்போது பழைய வண்டியும் இறங்கத்தான் வேண்டும், ஆனால் விற்பவர்கள் அதற்கு முந்தைய விலையையே மனதில் வைத்திருப்பார்கள். இந்த இரண்டையும் நிதானமாகச் சொல்லுங்கள்.

புரோக்கர் விஷயம். ஓனர் 4.30 கேட்டிருக்க, புரோக்கர் மேலே வைத்து 4.60 சொல்வது நடக்கிற காரியம். "உங்க கமிஷன் எவ்வளவுன்னு சொல்லுங்க, அதைத் தனியா கொடுத்துடறேன், விலையை ஓனர் முன்னாடி உட்கார்ந்து பேசுவோம்" என்று முதலிலேயே முடியுங்கள். போனில் "கடைசி விலை என்ன" என்று கேட்கவே கேட்காதீர்கள். வண்டியையே பார்க்காத ஆளிடம் யாரும் இறங்க மாட்டார்கள். உங்கள் பட்ஜெட்டையும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

3.85-இல் ஆரம்பியுங்கள், ரிப்பேர் கணக்கை வரிவரியாக எழுதிய சீட்டை மேசையில் வைத்துவிட்டு. "நடுவுல வெட்டிக்கலாம்" என்று உடனே வருவார்கள். 4.60-க்கும் 3.85-க்கும் நடு 4.22½, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட்டில் உள்ள ஒவ்வொன்றாகப் பேசி அவரை 4.30 வரை இறக்கிய பிறகு நடுவில் வெட்டினால் 4.07½. அதே வார்த்தைதான், 15,000 வித்தியாசம்.

விலை ஒரு இடத்தில் நின்றுபோனால் தொகையை விட்டுவிட்டுச் செலவைப் பேசுங்கள். "4.15 சரி, பின் டயர் ரெண்டும் நீங்க போட்டுக் கொடுங்க, பேங்க் பெயர் நீக்கறதும் உங்க செலவு." விலையில் இறங்காதவர்கூட இதற்கு இறங்குவார், தன் விலை நின்றது என்ற நிறைவு அவருக்கு இருக்கும்.

மதுரைவாசி:
மிக்க நன்றி. ஓனர் இப்போது இறங்கி வருகிறார். ஆனால் "நாளைக்கு வேறொருத்தர் வர்றார், இன்னைக்கே 50,000 அட்வான்ஸ் போடுங்க, மீதியை கேஷா கொடுங்க, ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தர்றேன், பேரை நீங்க மெதுவா மாத்திக்கலாம்" என்கிறார்.

ஃபாரம்முப்பது:
மூன்றுக்கும் சம்மதிக்காதீர்கள். டோக்கன் 5,000 போதும், அதுவும் ஆர்.சி.யில் உள்ள பெயருடைய கணக்குக்கு மட்டும். வண்டி எண், பேசிய விலை, "என்.ஓ.சி. தராவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரி, இவ்வளவும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். ஓனருக்கு இதைச் சொல்லுங்கள், அவரே பேங்க் மூலம் கேட்பார்.

பெயர் மாற்றம் அன்றைக்கே தொடங்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் ஃபாரம் 29-இல் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் ஃபாரம் 30-இல் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மெதுவாக மாற்றுவதில் ஆபத்து அவருக்கும்தான். வண்டியை எடுக்கும்போது தேதி, நேரம், கி.மீ. எழுதிய ஒப்படைப்புச் சீட்டை இரண்டு பிரதி எடுங்கள். முந்தைய நாள் சலான் உங்கள் தலையில் விழாது.

ஸ்பேனர்14:
ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டாவது சாவியைக் கேளுங்க. இது இம்மொபிலைசர் சாவி, உள்ள சிப் இருக்கும், வெளியில வெட்டினா கதவு மட்டும்தான் திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. புரோகிராம் பண்ணி வாங்க சில ஆயிரம் ஆகும். இல்லைன்னு சொன்னா ரிப்பேர்ச் சீட்டுல அதையும் ஒரு வரியா எழுதிடுங்க.