பாரிஸ் ரோடின் அருங்காட்சியகம்: பார்த்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுடன் பாரிஸ் செல்லும்போது, சிற்பி ரோடினின் படைப்புகளுக்கென்றே 1919-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் கண்டே வியந்து எழுதியவர் என்பதால் (அப்பாவுக்கு இதுவே முதற்காரணம்) ரோடின்மீது எங்களுக்குத் தனிப் பிடிப்பு உண்டு. திங்கட்கிழமை விடுமுறை என்பதை அறிவோம். தோட்டத்தில் நிற்கும் ‘நரகத்தின் வாயில்’ என்னும் வெண்கலக் கதவில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் பின்னிக் கிடப்பதால், அவற்றின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரியக் காலை வெயில் ஏற்றதா, மாலை வெயில் ஏற்றதா என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். முழங்கால் வலியுள்ள அப்பாவால் தோட்டப் பாதைகளில் சிரமமின்றி நடக்க முடியுமா? ‘சிந்தனையாளர்’ சிலையின் அடியில் ரோடின் அடக்கம் செய்யப்பட்டுள்ள பாரிஸ் புறநகரான மெதோனில் உள்ள அவரது இல்லத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.