ஸ்வர்ணலதா குரலை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறீர்கள்?

பொள்ளாச்சி ரேடியோ:

என் மகளுக்கு 16 வயது. போன வாரம் அவளுக்கு 'முக்காலா முக்காபுலா'வையும் 'எவனோ ஒருவன்' பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, இரண்டும் ஒரே பாடகி என்றேன். நம்பவில்லை. "அது வேற ஆளுப்பா" என்று சாதித்தாள். போனில் பெயரைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அப்புறம், "அப்போ நீங்க எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

1993-ல் நான் பத்தாவது படித்தேன். கோவை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், எழுதியவர், பாடியவர் எல்லாம் சொல்வார்கள். பிடித்த பாட்டுக்கெல்லாம் திரும்பத் திரும்ப இவர் பெயராகவே வந்தது. அந்தத் தீபாவளி லீவில் தோப்பில் தேங்காய் எண்ணிச் சேர்த்த காசில் 60 நிமிட கேசட் ஒன்று வாங்கி, நோட்டுத் தாளில் 12 பாட்டு எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, எல்லாமே ஒரே பொண்ணு பாடுனதாட்ட இருக்குது?" என்றார்.

பி பக்கத்தில் கடைசிப் பாட்டு 'வள்ளி' படத்தின் 'என்னுள்ளே என்னுள்ளே'. இரண்டாவது சரணம் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் டேப் தீர்ந்துவிட்டது. டக்கென்று நிற்கும். ஆறேழு வருடம் எனக்கு அந்தப் பாட்டே அவ்வளவுதான். பிறகு கோயம்புத்தூரில் ஒரு டவுன் பஸ்ஸில் முழுசாகக் கேட்டபோது, என் ஸ்டாப் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் அந்த இடம் வந்தால் என் மனசு நின்றுவிடும், அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போவார்.

சரி, உங்களுக்கு அந்தக் குரலின் அடையாளம் எது? மகளுக்குச் சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டிக்காரி:

அண்ணே, சோகப் பாட்டில் அவர் அழமாட்டார். எனக்கு அதுதான் அடையாளம்.

1994-ல் வந்த 'கருத்தம்மா'வில் 'போறாளே பொன்னுத்தாயி' இரண்டு விதமாக வரும். சந்தோஷமாக வருவதை உன்னிமேனனும் சுஜாதாவும் பாடியிருப்பார்கள். சோகமாக வருவது ஸ்வர்ணலதா. தேசிய விருது வாங்கியது அதற்குத்தான். பெண் குழந்தையைக் கொல்வதைப் பற்றிய படம். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். அப்போது எனக்கு 11 வயது. பங்குனித் திருவிழா மைக் செட்டில் அந்தப் பாட்டு வந்தால், புளி தட்டிக்கொண்டிருக்கும் அப்பத்தா கையை நிறுத்திவிடும். ஒன்றும் சொல்லாது. பாட்டு முடிந்ததும் மறுபடி தட்ட ஆரம்பிக்கும். விம்மி விம்மிப் பாடியிருந்தால் அப்பத்தா எழுந்து உள்ளே போயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

திருச்சி கீபோர்டு:

சார், 18 வருடமாக மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். 'சத்ரியன்' படத்தின் 'மாலையில் யாரோ' கேட்டு சீட்டு வராத கல்யாணக் கச்சேரி குறைவு. சுத்த தன்யாசி ராகம், ஐந்தே ஸ்வரம். மெட்டைப் பிடிப்பது கஷ்டமில்லை. பாட வருகிறவர்கள் தடுமாறுவது வரியின் கடைசி எழுத்தில்தான். அங்கே ஒரு அழுத்தம் கொடுத்து முடிப்பார்கள், இல்லையென்றால் குரலைச் சுழற்றிச் சின்னதாக ஒரு சங்கதி போடுவார்கள். அவர் இரண்டும் செய்யமாட்டார். குரலை மெலிசாக்கி அப்படியே விட்டுவிடுவார், ஆனால் சுருதி ஒரு நூல் இறங்காது. சத்தத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கப் பார்க்கும். பாடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். 1990-ல் வந்த பாட்டு. அவருக்கு அப்போது 17 வயதுதான்.

மகளிடம் கடைசி எழுத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 'எவனோ ஒருவன்' முழுக்க அது கிடைக்கும். முக்காலாவில் தாளத்தின் வேகத்தில் மறைந்துவிடும், அதனால்தான் பாப்பாவுக்கு வேறு ஆளாகத் தெரிந்திருக்கிறது.

சிதம்பரம் மாமி:

'தளபதி'யில் ராக்கம்மா பாட்டை விட்டுவிட்டீர்களே! அவ்வளவு ஆட்டத்துக்கு நடுவில் அப்பர் சுவாமிகளின் 'குனித்த புருவமும்' வரும். 2002-ல் பிபிசி நடத்திய உலக அளவிலான வாக்கெடுப்பில் முதல் பத்துப் பாட்டில் இடம்பிடித்தது. சினிமாப் பாட்டு என்றாலே ரேடியோவை அணைத்துவிடும் என் அம்மா, இதை மட்டும் அந்தத் தேவாரத்துக்காக ஓடவிடுவாள்.

2010 செப்டம்பர் 12 அன்று அவர் போய்விட்டார் என்று டிவியில் சொன்னபோது கையில் இருந்த காபி ஆறிப்போனது. 37 வயதெல்லாம் ஒரு வயதா?

பொள்ளாச்சி ரேடியோ:

எல்லோருக்கும் நன்றிங்க. திருச்சி அண்ணன் சொன்னபடி நேற்று ராத்திரி 'எவனோ ஒருவன்' போட்டுக் கடைசி எழுத்தைக் கவனிக்கச் சொன்னேன். நாலு வரி கேட்டாள். "முடிக்கவே இல்லைப்பா, சும்மா விட்டுடறாங்க" என்றாள். பிறகு அவளாகவே 'போறாளே பொன்னுத்தாயி'யைத் தேடிப் போட்டாள். அந்த அப்பத்தா கதையையும் சொன்னேன். பாட்டு முடியும்வரை போனைத் தொடவில்லை.

அந்தப் பழைய கேசட் திருப்பூரில் அக்கா வீட்டில் பத்திரமாக இருக்கிறது. டேப் ரெக்கார்டர்தான் இல்லை. பாட்டு நின்ற இடத்தை மகளுக்குக் கேட்கக் கொடுக்க ஆசை. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் யாரிடமாவது ஓடுகிற டேப் ரெக்கார்டர் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேசட்டோடு நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம்.