பல்கலைக்கழகத்தை நீங்கள் முதலில் சந்தித்தது எங்கே?

தொடங்கியவர் (வரலாறு, முதுகலை)

இந்தக் கேள்வி ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது. சென்ற வாரம் ஒரு வேலைக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ‘படித்த கல்லூரி’ என்று ஒரு கட்டமும் ‘பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம்’ என்று இன்னொரு கட்டமும் தனித்தனியாக இருந்தன. முதல் கட்டத்தில் பெயரை எழுதும்போதே வாசலில் நின்ற புங்கமரம், இரண்டாம் ஷிப்டுக்காக மதியம் ஒரு மணிக்குக் காத்து நிற்கும் கூட்டம், கரும்பலகையின் மேல்மூலையில் யாரோ எழுதி அழியாமல் நின்றுபோன தேதி எல்லாம் நினைவுக்கு வந்தன. இரண்டாவது கட்டத்தை நிரப்பியபோது எதுவுமே நினைவுக்கு வரவில்லை. மூன்று ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவனாக இருந்துவிட்டு, அதன் வாசலைக்கூட மிதிக்காமல் பட்டம் பெற்றிருக்கிறேன்.

இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் பல்கலைக்கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்த 1854 ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து 1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் நிறுவப்பட்டபோது, அன்றைய லண்டன் பல்கலைக்கழகமே அவற்றுக்கு முன்மாதிரியாக இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் அப்போது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் கற்பிக்க, அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. சென்னையும் அவ்வாறே தேர்வு நடத்தும் அமைப்பாகப் பிறந்தது. பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கலாம் என்பது 1904 ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில்தான் தெளிவாக இடம்பெற்றது. பின்னால் மதுரையில் 1966 இலும், கோவையிலும் திருச்சியிலும் 1982 இலும், நெல்லையில் 1990 இலும் புதிய பல்கலைக்கழகங்கள் வந்து கல்லூரிகளைப் பிரித்துக்கொண்டன என்றாலும், இணைப்புக் கல்லூரியில் பயிலும் மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருக்கும் உறவு பெரிதாக மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு முதுகலைக்காகச் சென்னைப் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் சேப்பாக்கத்துக்கு வந்தேன். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879 இல் முடிந்த செனட் இல்லத்தின் முன்னால் முதல் நாள் நின்றபோது, அதைக் கட்டிய காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறை தேவைப்படவில்லை, பெரிய மண்டபம்தான் தேவைப்பட்டது என்பது பட்டென்று விளங்கியது.

நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தை, ஹால் டிக்கெட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் அச்சாகியிருக்கும் முத்திரையாக அல்லாமல், நேருக்கு நேர் சந்தித்தது எப்போது? எழுதுங்கள். குறை சொல்ல நேர்ந்தால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

பொருளியல், இளநிலை

நான் சந்தித்தது ஒரு சாளரத்தில். இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் தாளில் எனக்கு 75க்கு 27 மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு 30 வேண்டும். அகமதிப்பீட்டில் 25க்கு 21 வாங்கியிருந்தும் அது உதவவில்லை, ஏனென்றால் எழுத்துத் தேர்வில் தனியாகத் தேர்ச்சி பெற்றாக வேண்டும். வகுப்பில் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால் வீட்டில் சொல்லவே கூசியது. ‘அரியர்’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. காரணம், எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிக்கே போனதில்லை.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வரைவோலை எடுக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும் என்று அலுவலக உதவியாளர் ஒருவர்தான் பொறுமையாகச் சொன்னார். கடைசி நாள் நெருங்கிவிட்டதால் நானே நேரில் கொண்டுபோனேன். அதிகாலையில் பேருந்து ஏறி, பத்து மணிக்குத் தேர்வுப் பிரிவின் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு பெண் திருமணத்துக்குப் பிந்தைய பெயர்த் திருத்தத்துக்கும், ஒரு முதியவர் தம் மகனின் தற்காலிகச் சான்றிதழுக்கும் நின்றிருந்தார்கள். சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே பதிவெண்ணைக் கேட்டார். பெயரைச் சொன்னேன். “பேரு வேணாம், நம்பர்” என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. நாள் முழுவதும் அதையே கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அது.

நகல் வந்தபோது மூன்றாம் பகுதியில் நான் எழுதியிருந்த ஒட்டுறவுக் கெழு கணக்கு, பத்து மதிப்பெண்ணுக்கானது, யாருடைய பேனாவும் படாமல் அப்படியே இருந்தது. சரி என்றும் இல்லை, தவறு என்றும் இல்லை. மறுமதிப்பீட்டில் 34 வந்தது. ஆனால் அதற்குள் அடுத்த பருவத் தேர்வுக்கு அந்தத் தாளையும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டிருந்தேன். என் விடைத்தாளை யாரோ ஒருவர் படிக்காமலே மூடிவைத்தார் என்ற கசப்பு இன்றுவரை போகவில்லை.

வணிகவியல்

நான் சந்தித்தது பட்டமளிப்பு விழாவில் மட்டும்தான். அங்கியை வாடகைக்கு வாங்கி, புகைப்படம் எடுத்து, இரண்டு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

தமிழ், ஆய்வியல் நிறைஞர்

எனக்கு நேர்ந்தது சற்று வேறு மாதிரியான சந்திப்பு. நான் படித்தது தெற்கே, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கல்லூரியில். அங்கே நூலகத்தின் பார்வை நூல்கள் பகுதியில், பழுப்பேறிய தடித்த தொகுதிகளாக, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஓர் அனுபந்தம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பிற்காலத்தில் பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்துக்கொடுத்த வையாபுரிப் பிள்ளை எங்கள் சீமைக்காரர் என்று எங்கள் ஆசிரியர் பெருமையாகச் சொல்வார்.

சங்கப் பாடல் ஒன்றில் ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் தரும் பொருளும் ஆசிரியர் வகுப்பில் சொன்ன பொருளும் வேறுபட்டபோது, அகராதியைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். போனால் அங்கே மூன்றாவதாக ஒரு பொருளும், அது எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்ற குறிப்பும் இருந்தன. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்பவர் அதற்குச் சான்றும் காட்ட வேண்டும் என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது. ஐந்து ஆண்டு வகுப்புகளில் நோட்ஸ் எழுதி மனப்பாடம் செய்ததில் கிடைக்காத ஒன்று, என் பெயரே தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தின் உழைப்பிலிருந்து கிடைத்தது. இன்று அந்த அகராதியை இணையத்தில் நொடியில் தேடலாம். ஆனால் தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் இருக்கும் சொற்களில் கண் விழுந்து அரை மணி நேரம் தொலைந்துபோவது அச்சுத் தொகுதியில்தான் நடக்கும்.

கணிதம், முனைவர் பட்ட ஆய்வாளர்

தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம், ஆய்வை வளர்க்கும் பல்கலைக்கழகம் என்று தொடக்கப் பதிவில் ஒரு பிரிவு மறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் மோதியதற்கு ராமானுஜன்தான் சாட்சி. 1907 இல் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய கல்லூரிப் படிப்பு) தேர்வில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் போனவருக்கு, 1913 இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் எதுவும் இல்லாத நிலையிலும், மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவர் அறிக்கைகளைத் தந்துவிட்டு 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

நானும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குழுவின் முன் அறிக்கை வைக்கிறேன். (ஒப்பிடவில்லை, யாரும் சிரிக்க வேண்டாம்.) முதல் அறிக்கையின்போது ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற அச்சத்தில் தொண்டை வறண்டுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன். இளநிலையிலும் ஆசிரியர்கள் ஆங்கிலப் பாடநூலைத் தமிழில்தான் விளக்கினார்கள், தேர்வில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதினோம். குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் என் தடுமாற்றத்தைக் கண்டு, “தேற்றத்தைப் பலகையில் எழுது, எழுதிக்கொண்டே எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சொல்” என்றார். அடுத்த நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, “இந்த அடி எப்படி வந்தது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “எனக்கும் தெரியவில்லை, கண்டுபிடித்துக்கொண்டு அடுத்த முறை வா” என்றார். அதுவரை என் கல்வி வாழ்க்கையில் ஆசிரியர் ஒருவர் தமக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தை நான் சந்தித்த நாள் அதுதான்.

கௌரவ விரிவுரையாளர்

மேலே பொருளியல் மாணவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தே எழுதுகிறேன். நான் அந்தச் சாளரத்துக்கும் பின்னால் இருக்கும் அறையிலிருந்து வருகிறேன். மாணவராக இருந்தபோது நானும் அவரைப் போலவே நினைத்தேன். இப்போது ஒவ்வொரு பருவத்திலும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறேன்.

தாள் எங்கள் கைக்கு வரும்போது பதிவெண் இருக்கும் பகுதி கிழிக்கப்பட்டு டம்மி எண் இடப்பட்டிருக்கும். எந்த ஊர், எந்தக் கல்லூரி, ஆணா பெண்ணா என்று எதுவும் தெரியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சொந்தக் கல்லூரிப் பிள்ளைக்குச் சலுகை, மற்றவருக்கு வஞ்சனை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அந்த வகையில், “பேரு வேணாம், நம்பர்” என்ற அந்தக் குரல் மாணவருக்குப் பாதுகாப்பும்கூட என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. என் வகுப்பில் எந்த மாணவி எங்கே தடுமாறுவாள், எங்கே புரிந்துகொண்டும் எழுதத் தெரியாமல் விடுவாள் என்று எனக்குத் தெரியும். முகாமில் அந்த அறிவுக்கு வேலை இல்லை. கற்பித்தவர் மதிப்பிடுவதில்லை, மதிப்பிடுபவர் கற்பித்ததில்லை. அதனால் நாங்களும் வகுப்பில், யாரோ முகம் தெரியாதவர் விடைக்குறிப்பில் எதைத் தேடுவாரோ அதையே சொல்லிக்கொடுக்கப் பழகிவிட்டோம். ‘ஐந்து மதிப்பெண் வினாவுக்குக் குறைந்தது ஆறு குறிப்புகள், அடிக்கோடு அவசியம்’ என்று நானே சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் நோட்ஸை நம்புகிறார்கள் என்று குறைப்படும் பேராசிரியர்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. மே மாத வெயில். நூல் கட்டிய தாள்களைத் திருப்பும்போது பக்கங்கள் ஒட்டிக்கொள்வது உண்டு, குறிப்பாக நடுவில் வரைபடத் தாள் வைத்துக் கட்டியிருந்தால். அதன் கனத்தோடு சேர்ந்து அடுத்த பக்கமும் புரண்டுவிடும். கடைசியில் மொத்தம் கூட்டும்போது எழுதிய வினாக்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கத்தான் வேண்டும். களைப்பில் அதைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே தவறவிட்டு, தலைமைத் தேர்வாளர் கண்டுபிடித்துத் திருப்பித் தந்தார். இது சமாதானம் அல்ல. அந்தப் பத்து மதிப்பெண் ஒருவரின் ஓராண்டைப் பறித்துவிடக்கூடும் என்பது தெரிந்தும் நடக்கிற பிழை இது. ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன்: உங்கள் விடைத்தாளில் வரைபடத் தாள் இருந்ததா?

மூன்றாம் ஆண்டு மாணவி

நீங்கள் எல்லோரும் சொல்லும் வரிசையில் நான் நின்றதே இல்லை. எனக்குப் பல்கலைக்கழகம் கைப்பேசிக்குள் இருக்கிறது. தேர்வு முடிவும் அதில்தான், தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சியும் அதில்தான், மாதந்தோறும் மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் வந்த குறுஞ்செய்தியும் அதில்தான். அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது 2022 செப்டம்பர் 5. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் 1857 செப்டம்பர் 5 என்று எங்கோ படித்தேன். தற்செயல்தான், ஆனாலும் பிடித்திருந்தது. அந்தப் பணம் எனக்குப் பேருந்துக்குத் தேவைப்படவில்லை, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜெராக்ஸுக்குத்தான் போகிறது.

அஞ்சல்வழியில் படித்தவர்

மதுரையில் 1971 லேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிவிட்டது என்றாலும், என் காலில் விலங்கு தளர்ந்து நான் அதில் சேர்ந்தது என் முப்பத்து நான்காவது வயதில். இரண்டு குழந்தைகள், தையல் வேலை, மாமியாரின் மருந்து வேளைகள். பாடப் புத்தகங்கள் கட்டாக அஞ்சலில் வந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியில் இடம் கொடுத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு காவலர், எதிரே ஒரு மளிகைக் கடைக்காரர், முன்வரிசையில் ஓய்வுபெற்ற நடத்துநர். ஆசிரியர் கேள்வி கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வோம், ஏனென்றால் அடுத்த வகுப்பு வரப் பல வாரம் ஆகும்.

பல்கலைக்கழக வாசலையே மிதிக்காமல் பட்டம் பெற்றதாக இங்கே ஒருவர் வருந்துவதைப் படித்தேன். தூரத்திலிருந்தே பட்டம் தரும் அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பட்டமே இல்லை. நேரில் வராதவர்களுக்கு அனுப்பும் முறையில் என் பட்டச் சான்றிதழ் பதிவுத் தபாலில் வந்தது. கையொப்பம் வாங்கிய தபால்காரர், “யாருக்கும்மா இது, மகளுக்கா?” என்று கேட்டார்.

பொருளியல், இளநிலை

கௌரவ விரிவுரையாளர் அவர்களுக்கு: நேற்றிரவு பழைய கோப்பிலிருந்து அந்த நகலை எடுத்துப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் குவிவு நிகழ்வெண் வளைவரை போட்ட வரைபடத் தாள் கட்டப்பட்டிருக்கிறது. விடுபட்ட கணக்கு அதற்கு அடுத்த பக்கத்தில்தான் இருக்கிறது.