மன்னிப்புக் கேட்டாயிற்று, அடுத்து என்ன? பரிகாரம் செய்ய வருபவர்களிடம் கண்டவை

நடுவன்:
சமரசப் பேச்சுக்கு வருபவர்களில் பலர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். ‘மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க’ என்பார்கள். புண்பட்டதா இல்லையா என்று நிரூபிக்கும் வேலை இப்போது அடிபட்டவர் தலையில் விழுகிறது. நேரில் உட்கார வைக்கும் முன் தவறு செய்தவரிடம் எழுதி வாங்க வேண்டியவை: என்ன செய்தேன், எப்போது, அதனால் அவர் எதை இழந்தார், நான் எதைத் திருப்பித் தர முடியும். ‘ஏன் செய்தேன்’ என்பதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. அவர் கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னால் அது சாக்குதான்.

இழப்புக் கணக்கை அடிபட்டவர் வாயால் கேட்பது முக்கியம். 1974-ல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களை அடித்து நொறுக்கினார்கள். நீதிபதி அவர்களை வீடு வீடாக அனுப்பி, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டு வரச் சொன்னார். சில மாதங்களில் பணத்தைக் கட்டி முடித்தார்கள். பாதிக்கப்பட்டவரையும் குற்றவாளியையும் சந்திக்க வைக்கும் இன்றைய முறை அங்கிருந்துதான் பரவியது.

இரவல்பேனா:
பண விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். எடுத்ததை மட்டும் திருப்பித் தந்தால், அது வட்டியில்லாக் கடன் வாங்கியது போலத்தான். விவிலியத்தின் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 1000 எடுத்திருந்தால் 1200. இஸ்லாத்தில் இந்தக் கூடுதல் பங்குக் கணக்கு இல்லை, ஆனால் பிறர் உரிமையைப் பறித்திருந்தால் தௌபா (இறைவனிடம் மனம் வருந்தித் திரும்புவது) மட்டும் போதாது, பறித்ததை உரியவரிடம் சேர்க்க வேண்டும்.

தவணையில் தருவதானால் தொகையைச் சிறிதாக வையுங்கள். வீராப்பில் பெரிய தொகை சொல்லிவிட்டு இரண்டாம் தவணையில் காணாமல் போவது, அவரை இரண்டாம் முறை ஏமாற்றுவது. உரியவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்குக் கொடுங்கள். வாரிசு இருக்கும்போதே தர்மத்துக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும்.

வேலிப்பூ:
அவதூறு பரப்பியிருந்தால் காதோடு காதாக மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை. யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய் ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்லுங்கள். குழுவில் போட்டிருந்தால் அதே குழுவில்.

கூழாங்கல்:
எல்லாவற்றையும் போய் ஒப்புக்கொள்வதும் ஆபத்து. குடிநோயிலிருந்து மீள்வோருக்கான பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, நேரில் ஈடுசெய்யச் சொல்கிறது. ஆனால் அது பாதிக்கப்பட்டவருக்கோ பிறருக்கோ தீங்காகும் என்றால் வேண்டாம் என்றும் சொல்கிறது. துணைவருக்குத் தெரியாத பழைய உறவில் தொடர்புடைய மூன்றாம் நபரின் பெயரைச் சேர்த்து உடைப்பது இந்த வகை. வன்முறைக்கு ஆளானவரை வலியப் போய்ச் சந்திப்பதும்தான். அவர் தொடர்பே வேண்டாம் என்றிருந்தால் கடிதம்கூடப் போகக் கூடாது.

இரவல்பேனா:
அவர் மன்னிக்க மறுத்தால்? 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: மூன்று நண்பர்களோடு போய்க் கேள், இப்படி மூன்று முறை, அதற்கு மேல் விட்டுவிடு. பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய்ச் செய்ததைச் சொல்.

நடுவன்:
அந்த மூன்று என்ற எண்ணை உரிமைச்சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் சிக்கல். மூன்று பேரோடு வாசலில் நின்றால் அடிபட்டவருக்கு அது கெஞ்சலா நெருக்கடியா என்றே தெரியாது. ஒருமுறை, இடையில் ஒருவர் மூலம் கேட்டு அனுப்பினால் போதும் என்பது என் கட்சி. பதில் வராவிட்டாலும் தர வேண்டிய பணம் போய்ச் சேரட்டும். அதற்கு மன்னிப்பு நிபந்தனை இல்லை.

வேலிப்பூ:
பணத்தோடு ‘இனி நாம் பழையபடி’ என்று சீட்டு வைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.