எதிரில் புதிய அரசு வளாகம், இரண்டு பேஸ்மென்ட்: பக்கத்துக் கட்டடக்காரர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

எதிர்வரிசை கேட்டது:

நகர மையத்தில் எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டி 15 மீட்டரில் அரசு அலுவலக வளாகம் வருகிறது. இரண்டு பேஸ்மென்ட், மேலே எட்டு மாடி. தகரத் தடுப்பு அடித்தாயிற்று, பைலிங் எந்திரம் (நிலத்துக்குள் ஆழமாகப் பைல் என்ற தூண்களை இறக்குவது) வந்து நிற்கிறது, சாலையில் பாதியை மூடிவிட்டார்கள். எங்களுடையது மூன்று மாடி, பழைய செங்கல் சுவர், ஆழமில்லாத அஸ்திவாரம். அதிர்வில் விரிசல் விடுமா? விட்டால் எப்படி நிரூபிப்பது? லாரித் தொல்லை எத்தனை நாள் இருக்கும்? வேலை நகர்கிறதா, நிற்கிறதா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மண்ணும்நீரும்:

எல்லோரும் அதிர்வைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உங்கள் இடத்தில் அதைவிடப் பெரிய கவலை நிலத்தடி நீர்.

முதலில் அதிர்வு. மனித உடம்பு வினாடிக்கு 0.3 மி.மீ. அளவு அதிர்வையே உணர்ந்துவிடும், 1 மி.மீ. ஆனால் புகார் கிளம்பும். ஆனால் ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரம் சாதாரண வீடுகளின் அஸ்திவாரத்துக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வினாடிக்கு 5 மி.மீ. வரையும், நுட்பமான பழங்காலக் கட்டடங்களுக்கு 3 மி.மீ. வரையும் அனுமதிக்கிறது. ஜன்னல் கண்ணாடி சலசலத்தால் சுவரில் விரிசல் விழும் என்று அர்த்தமில்லை. எந்திரம் எந்த வகை என்று பாருங்கள். துளையிட்டுக் காங்கிரீட் ஊற்றும் சுழல் எந்திரம் என்றால் அதிர்வு குறைவு. சம்மட்டியால் அடித்து இறக்கும் பைல் அல்லது அதிர்வுச் சுத்தியலால் இறக்கும் இரும்புத் தகடு என்றால், உங்கள் அஸ்திவார மட்டத்தில் அதிர்வுமானி வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

இப்போது தண்ணீர். இரண்டு பேஸ்மென்டுக்கு 8, 9 மீட்டர் பள்ளம். உள்ளே காய வைக்க மோட்டார் ஓடும். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழே இருக்கும் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் சுமை கூடுதலாக ஏறியதற்குச் சமம். களிமண்ணாக இருந்தால் மாதக்கணக்கில் மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் விரிசல் பள்ளம் வெட்டும்போது தெரியாமல், ஆறு மாதம் கழித்துத் தலைகாட்டும். பள்ளத்தைச் சுற்றி இடைவெளியில்லாமல் இறக்கிய தொடர் பைல் சுவரோ, நிலத்துக்குள்ளேயே வார்த்த காங்கிரீட் சுவரான டயாஃப்ரம் சுவரோ நீர் புகாத மண்ணடுக்குவரை இறங்கியிருந்தால் வெளியே மட்டம் பெரிதாக இறங்காது. இடைவெளி விட்ட பைல்கள் என்றால் இறங்கும்.

வெளியேற்றும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மெல்லிய மணல் படிந்தால், தண்ணீரோடு உங்கள் பக்கத்து மண்ணும் போகிறது. அன்றைக்கே சொல்ல வேண்டிய விஷயம் அது.

விரிசல்கணக்கு:

நிரூபணம் முழுக்க இப்போது செய்யும் பதிவில்தான் இருக்கிறது. பைலிங் தொடங்கிய பிறகு எடுத்த படத்துக்குப் பாதி மதிப்புக்கூடக் கிடையாது. ஒப்பந்ததாரரின் ஆட்களும் நீங்களும் சேர்ந்து அறை அறையாகச் சுற்றி, ஏற்கெனவே இருக்கும் விரிசல் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கூரை, தளம், சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டியும் இதில் சேர்த்தி. பலர் தொட்டியை மறந்துவிடுவார்கள்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்துக்கு, இருபுறமும் சிறு ஆணி அடித்து இடைவெளியை வெர்னியர் என்ற நுண் அளவுகோலால் அளக்கலாம். வாரம் ஒருமுறை, எப்போதும் ஒரே நேரத்தில், காலையில். வெயில் ஏற ஏறச் சுவர் தானாகவே கொஞ்சம் அசையும். நேரம் மாற்றி அளந்தால் அந்த அசைவையே சேதம் என்று எழுதிவிடுவீர்கள்.

பிளாஸ்டரில் சிலந்திவலை மாதிரி ஓடுவது பெரும்பாலும் பூச்சின் சுருக்கம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் படிக்கட்டாகப் பிளந்து போவதுதான் அஸ்திவாரம் அமுங்கும் அடையாளம். அதோடு கதவும் சட்டத்தில் இடிக்க ஆரம்பித்தால் தாமதிக்காதீர்கள்.

தளஅட்டவணை:

லாரிக்கு ஒரு கணக்கு. பள்ளம் 60 × 50 மீட்டர், ஆழம் 9 என்று வைத்துக்கொண்டால் 27,000 கன மீட்டர். வெட்டிய மண் கால் பங்காவது பொங்கும், அப்போது 33,750. 14 கன மீட்டர் டிப்பரில் சுமார் 2,400 நடை. இரவுக்கு 60 நடை என்றால் 40 இரவு. ஆனால் பள்ளத்தின் சுவர் உள்ளே சாயாமல் தாங்கும் முட்டுக் கம்பிகள் பொருத்த நடுவில் நிறுத்துவார்கள், மழை வந்தால் சேறு, அதனால் இரட்டிப்பு நாள் எதிர்பாருங்கள். வாசலில் சக்கரம் கழுவும் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள். தூசித் தொல்லையில் பெரும்பங்கு சக்கரத்தில் ஒட்டி வந்து சாலையில் காய்ந்து பறக்கும் மண்ணால்தான்.

அடுத்தது ராஃப்ட் காங்கிரீட், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் தடித்த அடித்தளம். ஒரு பகுதி 1,200 கன மீட்டர் என்றால் 6 கன மீட்டர் மிக்சர் 200 நடை. இரண்டு பம்ப் சேர்ந்து மணிக்கு 80 தள்ளினால் 15 மணி நேரம், அதாவது நாலரை நிமிடத்துக்கு ஒரு வண்டி. நடுவில் நிறுத்தினால் பழைய காங்கிரீட் இறுகி, புதியது ஒட்டாமல் அங்கே கசியும். ஆகவே ராத்திரி பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லிப் பயனில்லை. தேதியை முன்கூட்டிச் சொல்லவும், காத்திருக்கும் மிக்சர்களை வேறு இடத்தில் நிறுத்தவும் கேட்கலாம், அது நியாயம்.

முன்னேற்றத்தைப் பொறுத்தவரை, பள்ளத்துக்குள் இருக்கும் மாதங்களில் வெளியே ஒன்றும் தெரியாது. மேலே வந்ததும் தளத்துக்கு இரண்டு வாரம் நல்ல வேகம். மேல்தளம் போட்டதும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட், தீயணைப்புக் குழாய், ஏசி, மின் பலகை எல்லாம் பிறகுதான். அரசுக் கட்டடங்களில் இன்னொன்று உண்டு: தூண்கள் எழும்பிய பின் ஒரு துறை வந்து நான்காவது மாடியில் ஆவணக் காப்பறை கேட்கும். நெருக்கி அடுக்கும் ரேக்குகளின் சுமை சாதாரண அலுவலகத் தளத்தைவிடப் பல மடங்கு. வடிவமைப்பு திரும்பவும் முதலிலிருந்து. கம்பி கட்டுபவர்கள் மறைந்து காவலாளி மட்டும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவோ, பாஸாகாத பில்லோ.

கடைசியில் குடிநீர், கழிவுநீர், மின் கேபிள் இணைப்புக்காகச் சாலையை மறுபடி வெட்டுவார்கள். மூன்று தடவை தனித்தனியாக வெட்டாமல் ஒரே திட்டத்தில் முடிக்க இப்போதே மனு கொடுங்கள். மூடும்போது 15, 20 செ.மீ. அடுக்கடுக்காக இடித்து நிரப்பாவிட்டால் முதல் மழையில் குழி விழும்.

எதிர்வரிசை:

மூவருக்கும் நன்றி. கூட்டுப் பதிவு கேட்டு இன்றே கடிதம் கொடுக்கிறேன். டவர் கிரேன் கை எங்கள் மொட்டை மாடிக்கு மேல் வரும்போல் இருக்கிறது. இரவில் தானாகச் சுற்றுமாமே, உண்மையா?

தளஅட்டவணை:

உண்மைதான், அது கோளாறு இல்லை. வேலை முடிந்ததும் சுழலும் பிரேக்கை வேண்டுமென்றே விடுவிப்பார்கள். காற்று போகும் திசையில் கை தானாகத் திரும்பினால்தான் கோபுரத்தின் மேல் தள்ளுவிசை குறையும். கட்டிப்போட்டால்தான் ஆபத்து. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: உங்கள் கூரைக்கு மேல் சுமையோடு கை வராதபடி எல்லை வைத்திருக்கிறார்களா, கொக்கியை வேலை முடிந்ததும் மேலே தூக்கி வைக்கிறார்களா என்று. மாடியில் உயரமான தண்ணீர்த் தொட்டியோ ஆண்டெனாவோ இருந்தால் அதன் உயரத்தையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.